மிதிவண்டியோடு ஒரு ஸ்பேனரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழாச் செய்திகள் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில் படத்துடன் வெளிவருகின்றன. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மாணவருக்கும் விரிந்த இத்திட்டத்தின் பயனை நான் நேரில் கண்டவள். ஆனால் அந்த வண்டிகள் ஆறு மாதம் கழித்து என்ன நிலையில் இருக்கின்றன என்பதைப் படம் காட்டுவதில்லை. புதுக்கோட்டையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மிதிவண்டிப் பழுதுபார்ப்புப் பட்டறையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நண்பர் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு தார்ப்பாய், இரண்டு காற்றடிக்கும் பம்புகள், பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி, ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர்கள், அவ்வளவே. பல ஆண்டுகள் சைக்கிள் கடை வைத்திருந்து அண்மையில் மூடிவிட்ட பெரியவர் ஒருவர்தான் எங்களுக்கு ஆசான். அவருக்கு அரைநாள் கூலியை நாங்கள் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறோம். தொழில் தெரிந்தவரிடம் மட்டும் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது முறையன்று என்பது என் கருத்து. எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: யார் வண்டியையும் நாங்கள் சரிசெய்து தரமாட்டோம். வண்டிக்குரியவரே ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவோம்.

கடந்த மாதம் ஒரு மாணவி ஆறு கிலோமீட்டர் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். டியூப் பஞ்சர் என்று முடிவுகட்டி மூன்று வாரமாகப் பேருந்தில் போய்வந்திருக்கிறாள். பெரியவர் காற்றடிக்கச் சொல்லி, வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தார். குமிழ் கிளம்பியது. மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்த வால்வு டியூப் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. விரல் நீளம்கூட இல்லாத புதிய ரப்பர்க் குழாயை நனைத்து மாட்ட அவளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கழற்றிய துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கா மூணு வாரம் பஸ்ஸுக்கு நின்னேன்?" என்றாள்.

இன்னொரு நாள் இரண்டு மாணவர்கள் இடப்பக்கப் பெடலை வழக்கம்போல் வலப்புறமாகச் சுற்றி, அது ஏறவில்லை என்று சுத்தியலால் அடித்தே ஏற்றியிருந்தார்கள். ஓட்டும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்க, அந்தப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மரை தேய்ந்து, பெடலைத் தாங்கும் இரும்புக் கையான கிராங்கையே மாற்ற நேர்ந்தது. புதிய வண்டியில் முதல் மாதத்திலேயே சக்கரத்தின் போக்ஸ் கம்பிகள் தளரும், பிரேக் கேபிள் நீளும், ஒருமுறை எல்லாவற்றையும் முடுக்கிவிட வேண்டும் என்பதும் அப்படித்தான். வண்டியைக் கையில் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதே மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. நானும் அவர்களில் ஒருத்தி. பெண்கள் வண்டி கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே விழுந்து எழுந்து பழகினேன். பிறகு அந்தப் பாரில்தான் என் மகனை உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஆனால் செயின் கழன்றால் வழியில் வரும் ஆண் யாராவது நிற்கும்வரை காத்திருந்தேன். ஓட்டக் கற்றுக்கொண்டோமே தவிர, பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குறை என் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கும் தொடர்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்நிலைப் பள்ளிகள் விடுமுறை நாளில் ஒரு வராந்தாவை இதற்குத் திறந்துவிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் ஏழு நாள் சிறப்பு முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். படிப்பை முடித்துச் சென்றவர்களின் வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைக் கேட்டு வாங்கினால் உதிரிபாகச் செலவும் பெருமளவு குறையும். சைக்கிள் கடைக்காரர்கள் எங்களைப் போட்டியாகக் கருத வேண்டியதில்லை. சக்கரக் கோட்டம் எடுப்பது போன்ற கைத்தேர்ச்சி வேண்டிய வேலைகளை நாங்கள் அவர்களிடமே அனுப்புகிறோம்.

நாங்கள் அணுகிய ஒரு பள்ளியில், பிள்ளைகளுக்குக் கையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே, பெற்றோரின் ஒப்புதல் கடிதத்துடன் இதை அனுமதிக்கலாம் என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் தலைமை ஆசிரியர்களின் தயக்கம் தீரும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு வண்டிகளைக்கூட நிறுத்த முடியாது; அதற்கு முன்பே அந்தச் சுற்றறிக்கை வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
புதுக்கோட்டை.