புறப்படும் வாரத்தில் ஸ்பேனர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரி பிறந்தால் பினாங்கில் தஞ்சோங் தோக்கோங்கிலும் பத்து மாவுங்கிலும் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கிளம்பத் தயாராகும். இலங்கையின் காலி (Galle) துறைமுகம் வரை ஏறத்தாழ 1,200 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வீதம் போனால் பத்து நாள். வடகிழக்குப் பருவக்காற்று இருக்கும்போதே போய்விட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலில் புயல் கிளம்பும் காலம் வந்துவிடும். இந்த அவசரத்தில், புறப்பட இரண்டு நாள் இருக்கையில்தான் பட்டர்வொர்த், பிறை பட்டறைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு அழைப்பு வருகிறது. லாரி எஞ்சினில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். படகிலும் டீசல் எஞ்சின்தான், ஆனால் கெடுகிற இடம் வேறு.

முதலில், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பின் இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் சக்கரம். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் இதழ்கள் மடங்கியபடியே விறைத்துப்போகும். தண்ணீர் வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை ஓட்டினால் சில நிமிடங்களில் பிய்ந்துவிடும். புதியதை மாட்டியதோடு வேலை முடியாது. பழையதில் எத்தனை இதழ் குறைகிறதோ அத்தனை துண்டையும் தேடி எடுக்க வேண்டும். அவை, கடல்நீரால் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்திருக்கும். மாட்டும்போது பாத்திரம் கழுவும் சோப்பு நீரோ கிளிசரினோ தடவினால் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். கேஸ்கெட்டுடன் இரண்டு உபரியாவது படகில் இருக்கட்டும்.

அதிகம் பேச வேண்டியது டீசலைப் பற்றித்தான். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெய்க் கலப்பு உண்டு. லாரிக்கு அது தொல்லையில்லை. டாங்கி சில நாளில் காலியாகிவிடும். படகிலோ அதே டீசல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கலப்பு டீசல் ஈரத்தை இழுக்கும். அடியில் தேங்கும் நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளியாகப் படியும். துறையில் படகு அசையாமல் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. வெளிக்கடலில் டாங்கி குலுங்கியதும் அத்தனையும் கலங்கி ஃபில்டரை அடைக்கும், எஞ்சின் நிற்கும். அது பெரும்பாலும் சுமத்ராவின் வடமுனையில், சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் பாதையில் நடந்து தொலைக்கும்.

ஆகவே ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுக் கைகழுவக் கூடாது. டாங்கியின் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் அரை மணி நேரம் வையுங்கள். நீர் இருந்தால் கீழே பிரிந்து நிற்கும். தெளிந்த டீசல் வரும்வரை இறைக்க வேண்டும். டாங்கிக்கு அடுத்துள்ள முதல் ஃபில்டருக்கு 10 அல்லது 30 மைக்ரோன் துளை, எஞ்சினில் உள்ளதற்கு 2 மைக்ரோன் பொதுவாகச் சரிப்படும். முதல் ஃபில்டருக்கு ஆறு உபரி கேட்டு வாங்க வையுங்கள். மாற்றியபின் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையைப் படகுக்காரர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழ் நின்று டீசல் மட்டும் வழியும்போது இறுக்க வேண்டும். பழைய செப்பு வாஷரையே போட்டால் அந்த வழியாகவே மறுபடி காற்று புகும். நடுக்கடலில் உங்களைக் கூப்பிட முடியாது.

உந்துவிசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வழியே கடல்நீர் புகாமல் சில படகுகளில் கயிற்றுப் பேக்கிங் வைத்திருப்பார்கள். அங்கே நீர் சொட்டுவதைப் பார்த்துப் படகுக்காரர்கள் "இறுக்கிவிடு தம்பி" என்பார்கள். சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழத்தான் வேண்டும். அந்த நீர்தான் ஷாஃப்ட்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேய்ந்து, பிறகு நிற்காமல் ஒழுகும்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களைக் கீழ்முனையில் பாருங்கள். உப்புநீர் வழிந்து தேங்கும் இடம் அதுதான். பஞ்சால் துடைத்தால் அறுந்த இழையில் சிக்கும். ஓர் இழை போனாலும் அந்த வடத்தை மாற்ற வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டியது என்றால் எல்லாவற்றையுமே. அளவெடுத்துச் செய்துவர நாளாகும், இரண்டு நாளில் நடக்கிற காரியமில்லை.

இன்னொன்று நாள்காட்டி. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் இந்தப் பருவத்தின் நடுவில்தான் வருகின்றன. சீனப் புத்தாண்டுக்கு லேத் பட்டறைகளும் இரும்புக் கடைகளும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் மூடிக்கிடக்கும். பிப்ரவரியில் கிளம்புகிறவர் நவம்பரிலேயே பாகங்களுக்குச் சொல்லிவைப்பதுதான் முறை.

வேலையெல்லாம் முடிந்தபின் லங்காவிக்கு ஓர் இரவு ஓட்டம் போய் வரட்டும். 60 கடல் மைல் அளவுதான். சில மணி நேரமாவது முக்கால் வேகத்தில் எஞ்சினை ஓட்ட வேண்டும். கட்டிப்போட்ட படகில் சும்மா ஓட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல. லங்காவி ஓட்டத்தில் தெரிந்த குறைகளைச் சரிசெய்யுங்கள். கடைசி வாரத்தில் நன்றாக ஓடுவதைக் கழற்றாதீர்கள். கடல்துறை, சுங்கம், குடிநுழைவு முத்திரைகளை இதற்குப் பிறகு வாங்கினால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு, "நாள் குறித்தாயிற்று, இருப்பதை வைத்துப் போகிறேன்" என்பவர்களும் உண்டு. அவர்களிடம் தம்பிமார் வாதாட வேண்டாம். செய்த வேலைக்குக் கீழே, செய்யாமல் விட்ட வேலையையும் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
படகுப் பழுதுபார்ப்புப் பணியாளர்கள்,
பத்து மாவுங், பினாங்கு.