நுவரெலியாவில வெளி அடுப்பு போடுறவங்க மண்ணுக்குள்ள போற பைப்பையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நுவரெலியாவில தங்கப் போறவங்க குளிருக்கு ரூமுக்குள்ள கரிச்சட்டி வச்சு ஜன்னல் கதவெல்லாம் பூட்டிட்டு படுக்கிறத தயவுசெய்து நிப்பாட்டுங்க, கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, நித்திரையிலயே ஆளை முடிச்சிரும். கட்டிடத்துக்கு வெளியில விறகு அடுப்பு வச்சு தண்ணிய சூடாக்கி பைப்பால ரூம் ரூமா அனுப்புற முறைக்கு என்ட முழு ஆதரவு, நெருப்பும் புகையும் வெளியிலயே நிக்கும், உள்ளுக்கு வாறது சுடுதண்ணி மட்டும்தான்.

ஆனா ஒழுங்கா போடோணும். எங்கட சங்கம் அங்க நடத்துற மடத்துக்கு போன வருஷம் ஒண்டு போட்டம், அடுப்புக்கே காசெல்லாம் போயிட்டுது, கொன்ட்ராக்ட் எடுத்தவர் நிலத்துக்கடியில போற பைப்புக்கு மெல்லிசா கறுப்பு ஸ்பொஞ்ச் சுத்தி டேப் ஒட்டி மண்ணை மூடிட்டார். விறகு லோட் லோட்டா முடியுது, ரூமுக்குள்ள சுடுதண்ணி ஓடி சூடு குடுக்கிற ரேடியேட்டர தொட்டா வெதுவெதுப்பு கூட சரியா இல்ல. கிண்டிப் பாத்தா குழிக்குள்ள மழைத்தண்ணி தேங்கி, ஸ்பொஞ்ச் ஊறிப்போய், மண்ணில இருந்து ஆவி பறக்குது. போற பைப் வாற பைப் ரெண்டும் தண்ணி புகாத வெளிக்குழாய்க்குள்ள தடிப்பான இன்சுலேஷனோட இருக்கோணும், கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகள்ல சாமான் எடுக்கிற நேரம் இதில மட்டும் விலை பாக்காதீங்க.

மற்றது, நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்க தண்ணி 94 பாகை அளவிலயே கொதிச்சிரும், இந்த அடுப்புகள் பெரும்பாலும் மேல திறந்து அழுத்தம் ஏறாம இருக்கிறதுகள், அதால 80 பாகையோட நெருப்பு அடங்குற மாதிரி செட் பண்ணோணும். திரும்பி வாற தண்ணி 60க்கு கீழ போனாலும் கூடாது, அடுப்பின்ட உள்சுவர்ல ஈரமும் தாரும் படிஞ்சு இரும்பு கறள் பிடிக்கும். கரண்ட் போனா சுடுதண்ணிய ரூமுக்கு தள்ளுற பம்ப் நிக்கும், அதுக்கு ஒரு சின்ன இன்வேர்ட்டராவது வேணும்.

பச்சை விறகு போடவே போடாதீங்க, பிளந்து கூரைக்கடியில ஒரு வருஷமாவது காயட்டும். இந்த அடுப்பு அடங்கி எரியுற நேரம் புகைபோக்கி பதிவா இருந்தா புகை அப்படியே தரையோட படுக்கும், பக்கத்தில தோட்டத் தொழிலாளர் லயங்கள்ல சின்னப்பிள்ளைகள் இருக்குதுகள். அமெரிக்காவில 2015ல இதுகளுக்கு புகை அளவுக்கு சட்டம் போட்டு 2020ல இன்னும் இறுக்கினாங்க. இங்கயும் மாநகர சபை அனுமதி குடுக்கிற நேரமே புகைபோக்கி எவ்வளவு உயரம், அயல் வீட்டுக்கு எத்தனை அடி தூரம் எண்டு நேர்ல வந்து பாக்கோணும் எண்டு உங்கட பத்திரிகை மூலமா கேட்டுக்கொள்றன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06