ஹேவ், ஹேவ் பீன்: உன் மாலை வகுப்புக்கு

மேற்கு மாம்பலம், சென்னை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கமே விடாதே. இங்கே மழை விட்டபாடில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

உன் வகுப்புப் பிள்ளைகள் பிரசன்ட் பெர்ஃபெக்டையும் (‘ஐ ஹேவ் ரிட்டன்’) பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸையும் (‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங்’) போட்டுக் குழப்புவதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விடைத்தாள்களைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் யாரும் குழம்பவில்லை. இரண்டையுமே தொடாமல் நழுவுகிறார்கள். ‘ஐ ஆம் லிவிங் இன் திண்டுக்கல் சின்ஸ் 2015’ என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் நம் பேச்சு. ‘2015லேருந்து திண்டுக்கல்லதான் இருக்கேன்’ என்று நிகழ்காலத்திலேயே நாம் முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் அதை ஏற்காது. முன்னாலேயே தொடங்கி இன்றுவரை வந்து நிற்கிற விஷயம் என்றால் ஹேவ் அல்லது ஹேஸ் வந்தே ஆகவேண்டும்.

அதனால் முதல் வாரம் இதை மட்டும் நடத்து. ‘லேருந்து’, ‘ஆறு மாசமா’, ‘ரொம்ப நாளா’ என்று தொடங்கி நிகழ்காலத்தில் முடிகிற தமிழ் வாக்கியங்கள் இருபது எழுதிப்போடு. எல்லாவற்றையும் ஹேவ், ஹேஸ் போட்டு மாற்றட்டும். கூடவே, தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ், நீளத்தைச் சொன்னால் ஃபார். ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’, ‘ஃப்ரம் 2015’ இரண்டும் தப்பு. வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கு இது ஒன்றே பல சமயம் கை கொடுக்கும்.

பன்னிரண்டு டென்ஸ் கட்டம் போட்ட சார்ட்டைத் தயவுசெய்து சுவரிலிருந்து கழற்று. அதைப் பார்த்தால் இந்த இரண்டும் வெவ்வேறு காலம் என்ற எண்ணம்தான் வரும். காலம் ஒன்றேதான். முடிந்து கையில் இருப்பதைச் சொல்கிறோமா, நடந்துகொண்டிருந்த வேலையைச் சொல்கிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

இதைக் காட்ட ஒரு டம்ளர் காபி போதும். மேஜைமேல் டபராவோடு வை. முழு டம்ளரும் காலியாக, அடியில் நுரை மட்டும் ஒட்டியிருந்தால், ‘ஹூ ஹேஸ் டிரங்க் மை காஃபி?’ பாதி குறைந்து, விளிம்பில் உதடு பட்ட தடம் இருந்தால், ‘ஹூ ஹேஸ் பீன் டிரிங்கிங் மை காஃபி?’ முதலாவதில் காபி போய்விட்டது. இரண்டாவதில் யாரோ குடித்திருக்கிறார்கள், மீதி இருக்கிறது. பிள்ளைகளை எழுந்து வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல். ‘ஐ ஹேவ் ரெட் தட் புக்’ என்றால் படித்து முடித்தாயிற்று, ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் தட் புக்’ என்றால் பெரும்பாலும் இன்னும் பக்கம் பாக்கி என்பதை அதற்கப்புறம் நீ விளக்கவே வேண்டாம்.

‘கன்டினியுவஸ் என்றால் இன்னும் நடக்கிறது’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதே. கைடுகள் செய்கிற தவறு அது. மழை நின்ற பிறகும் தெருவில் தண்ணீரைப் பார்த்து ‘இட் ஹேஸ் பீன் ரெய்னிங்’ என்று சொல்லலாம். கண் சிவந்திருக்கிறவளிடம் ‘ஹேவ் யூ பீன் க்ரையிங்?’ என்று கேட்கலாம். அப்போது அவள் அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. சற்றுமுன் வரை நடந்தது, அதன் அடையாளம் கண்முன் இருக்கிறது, அவ்வளவு போதும்.

அடுத்தது எண்ணிக்கை. ‘ஹவ் மெனி’ என்று கேட்டால் சிம்பிள், அதாவது பீன் இல்லாத வெறும் ஹேவ்; ‘ஹவ் லாங்’ என்று கேட்டால் பெரும்பாலும் கன்டினியுவஸ். ‘ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்’ சரி. அதையே ‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங் த்ரீ லெட்டர்ஸ்’ என்றால் இடிக்கும். ஆனால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து ‘ஐ ஹேவ் பீன் டிரிங்கிங் த்ரீ காஃபீஸ் எ டே’ சரிதானே என்று மடக்குவான். சரிதான். அங்கே மூன்று என்பது மொத்தக் கணக்கு இல்லை, தினப்படிக் கணக்கு. மொத்தம் சொன்னால்தான் சிம்பிள்.

நோ, பிலீவ், லைக், ஓன், பிலாங் மாதிரி வினைகளுக்கு ஐஎன்ஜி ஒட்டாது. ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ நம் ஊரில் சகஜமாகக் காதில் விழும். ‘ஐ ஹேவ் நோன் ஹிம்’ என்று திருத்து. ஹேவ் என்ற வினை இரண்டு பக்கமும் போகும்: ஸ்கூட்டர் வைத்திருந்தால் ‘ஐ ஹேவ் ஹேட் திஸ் ஸ்கூட்டர் சின்ஸ் 2018’, தலைவலி விட்டு விட்டு வந்தால் ‘ஐ ஹேவ் பீன் ஹேவிங் ஹெட்டேக்ஸ்’. திங்க்கும் அப்படியே. ‘மீன்’ (mean) என்ற வினையும் இந்த வகைதான் என்றாலும் ‘ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ’ நல்ல ஆங்கிலம்தான். இதையெல்லாம் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதே, எதிர்ப்படும்போது சொல்லு.

ஒரே நொடியில் முடிகிற காரியங்களும் சிம்பிளுக்கே போகும். சாவி தொலைந்தால் ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’. ‘ஐ ஹேவ் பீன் லூசிங்’ என்றால் அடிக்கடி தொலைக்கிறேன் என்று அர்த்தமாகிவிடும்.

லிவ், வர்க், டீச் மூன்றிலும் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை, மார்க் குறைக்காதே. கன்டினியுவஸில் கொஞ்சம் தற்காலிக வாடை இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறது என்பதற்கு ‘ஹேஸ் ஸ்டுட்’. 29சி பஸ்ஸுக்காக அரைமணி நேரமாக ஒருவன் நிற்கிறான் என்பதற்கு ‘ஹேஸ் பீன் ஸ்டேண்டிங்’. கோயிலுக்குக் கன்டினியுவஸ் போட்டால் எந்த நேரமும் நகர்ந்துவிடும் போல இருக்கும்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களை உட்காரவைத்துத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் 2019’ என்றுதான் பாதிப்பேர் தொடங்குகிறார்கள். வருஷத்தையோ ‘நேற்று’ என்றோ சொல்லிவிட்டால் ஹேவுக்கு இடமே இல்லை. ‘ஐ கம்ப்ளீட்டட்’ என்று முடிக்கவேண்டும். இன்னொன்று இதைவிட ஆபத்து. பழைய கம்பெனியை விட்டு வந்தவன் ‘ஐ ஹேவ் வர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால், எதிரே இருப்பவர் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார். அடுத்த கேள்வி நோட்டீஸ் பீரியட் பற்றி வரும். விட்டுவிட்டால் ‘ஐ வர்க்ட்’. இப்போதும் இருந்தால் ‘ஐ ஹேவ் பீன் வர்க்கிங்’. ‘ஐ ஹேவ் வர்க்ட் ஃபார் த்ரீ கம்பெனீஸ்’ மட்டும் தாராளமாகச் சொல்லலாம், அது எண்ணிக்கை.

பேசும்போது பீன் என்று நீட்டி அழுத்த வேண்டாம். ‘ஐவ் பின் வெயிட்டிங்’ என்று குறுக்கினாலே காதுக்கு இயல்பாக இருக்கும். ஆனால் ஹேவை அடியோடு விழுங்கி ‘ஐ பீன் வெயிட்டிங்’ என்று எழுதிவைக்கிறார்களே, அதைச் சிவப்பு மையில் சுழித்துவிடு.

அடுத்த பேட்ச் விடைத்தாள்களையும் அனுப்பு, திருத்தாமலே அனுப்பு. சின்ஸ் போட்ட வாக்கியங்களில் ‘ஆம்’ எத்தனை, ‘ஹேவ்’ எத்தனை என்று நீயே முன்கூட்டி எண்ணி ஓரத்தில் குறித்துவிட்டால் எனக்கு வேலை மிச்சம். பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லு, எழும்பூருக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
சுந்தரம்