உகந்தை வாசல் திறக்கும் நாளைப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து, நாங்கள் பாதயாத்திரையாகப் போகும் கதிர்காமத்துக்கு ஓடியே சென்ற இளைஞரைப் பற்றி, சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் வாசித்தேன். ஓடட்டும், சந்தோஷம். "இதுவரை எவரும் துணியாத பயணம்" என்று உங்கள் நிருபர் எழுதியதுதான் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. தண்ணீருக்கும் உடுப்புக்கும் பின்னால் ஒரு வேன், இரவில் விடுதி. கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோயிலடியில் காடு தொடங்கியதும் அதே வேனில் ஏறி மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமம் போனாராம். இதுவும் உங்கள் செய்தியில்தான் இருக்கிறது. குமண, யால காட்டை விட்டுவிட்டால் மிச்சம் பெரும்பாலும் தார் ரோடுதானே ஐயா?

என் மாமி எழுபது வயதுக்கு மேல், மண்டூரிலிருந்து வெறுங்காலோடு, தலையில் அரிசிப் பொட்டலத்துடன் அந்தக் காட்டைக் கடந்தவர். எங்கள் கூட்டத்தில் வந்த கண் தெரியாத பெரியவர், மகளின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே கும்புக்கன் ஓயா ஆற்றில் இறங்கி ஏறினார். இன்னொரு சாமி சந்நிதியிலிருந்தே மௌன விரதம். பசித்தாலும் கையைத்தான் காட்டுவார். இவர்களைப் படம் பிடிக்க காட்டுக்குள் நாங்கள் தங்கும் நாவலடிக்கோ வியாழைக்கோ எந்த நிருபரும் வந்து நான் காணவில்லை. போரால் நின்றுபோன பாதயாத்திரையை 1988இல் மீளத் தொடங்க முன்னின்ற பேட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்கரைப் பற்றியாவது உங்கள் நிருபர் கேள்விப்பட்டிருக்கலாம். தங்களுக்குத் தெரியாததா?

தொடங்கிவிட்டேன், சொல்லிவிடுகிறேன். கதிர்காமத்து ஆடிவேல் திருவிழாக் காலத்தில் சில நாட்கள்தான் உகந்தையில் காட்டுவாசல் யாத்திரிகர்களுக்குத் திறக்கிறது. அந்தத் திகதியையும் கடைசி நேரத்தில் மாற்றுவார்கள். ஒருமுறை உகந்தையிலேயே காத்துக் கிடந்ததில், காட்டுக்கென்று கட்டிய அரிசியும் மாவும் வாசலிலேயே தீர்ந்துபோயின. அப்போது எழுதிய கடிதத்துக்கு உங்களிடம் இடம் இருக்கவில்லை. பெண்கள் மலசலகூடத்துக்கு இருட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். கமரா நிற்கும் இடத்தில் மட்டும் பிரமுகர்கள் தண்ணீர்ப் போத்தல் கொடுப்பார்கள். வெறும் போத்தல் முழுக்கக் காட்டுக்குள் கிடக்கும். யானைக்கும் மானுக்கும் அன்னதானம் போலும்!

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை, சந்நிதியில் வேல் புறப்படும் முன்பே, அதிகாரிகளிடம் கேட்டு வாசல் திறக்கும், மூடும் திகதிகளை முதற்பக்கத்தில் போடுங்கள். நாலு வரி போதும். எங்கெங்கே தண்ணீர் பவுசர் நிற்கும் என்பதையும் சேர்த்தால் புண்ணியம்.

கடிதத்தைச் சுருக்குவதென்றால் என் மாமியைப் பற்றிய வரிகளை வெட்டுங்கள், பவுசரை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
மண்டூர்