ஊடக முதலாளிகளுக்கு ஒரு வாசகனின் மடல்

பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஊழலைப் பற்றி உங்கள் நிருபர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்களிடம்தான் ஒரு கணக்குப் பேச வேண்டியிருக்கிறது.

1990-களில் பெரு நாட்டு அதிபர் புஜிமோரியின் உளவுத்துறையை ஆட்டிவைத்தவர் விளாதிமிரோ மொன்டெசினோஸ். யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தார் என்பதை ரசீதோடும் வீடியோவோடும் பத்திரப்படுத்திய விசித்திரமான ஆள். அங்கே தேர்தல் நடந்தது, நாடாளுமன்றம் இருந்தது, நீதிமன்றமும் இருந்தது. எல்லா இடத்திலும் ஆள் பிடித்தார். பிற்பாடு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைப் புரட்டினார்கள். அரசியல்வாதிக்குக் கொடுத்ததைப் போல சுமார் நூறு மடங்கு டிவி முதலாளிக்குப் போயிருந்தது. நீதிபதி, அரசியல்வாதியைவிடவும் மலிவு! யாருக்கு அவர் அதிகம் பயந்தார் என்பதை அந்த விலைப்பட்டியலே சொல்கிறது.

ஒரு சின்ன கேபிள் சேனலை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டார். அதன் பெயர் கனால் என். 2000 செப்டம்பர் 14 அன்று அதில் ஒரு வீடியோ ஓடியது. மொன்டெசினோஸ் பணத்தை நீட்டுகிறார்; எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் கட்சி தாவுவதற்காக 15,000 டாலர் வாங்கிக்கொள்கிறார். நவம்பரில் புஜிமோரி ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார்.

இப்போதெல்லாம் யாரும் நோட்டுக்கட்டை எடுத்து நீட்டுவதில்லை. அரசு விளம்பரம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, மசியவில்லையென்றால் வரி நோட்டீஸ் இருக்கிறது.

எல்லாச் செய்தியும் பரபரப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, பள்ளிகளுக்கென்று அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம், மாவட்டவாரியாக எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசே பத்திரிகைகளில் வெளியிட ஆரம்பித்தது. வெறும் எண்கள்தான். தலைமையாசிரியர் அதைப் பார்த்து, "எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்க முடிந்தது. 2001-இல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. இதில் பத்திரிகையின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. சரி, போடட்டும்.

நான் கேட்பதும் அதே மாதிரி வெறும் எண் போட்ட ஒரு சின்னப் பெட்டிச் செய்திதான். அரசிடமிருந்தும் கட்சிகளிடமிருந்தும் இந்த மாதம் விளம்பரப் பணம் எவ்வளவு வந்தது என்று, மாதம் ஒரு முறை, உங்கள் முதல் பக்கத்தில் போடுங்கள். டிவி என்றால் இரவுச் செய்தியில் அரை நிமிடம் போதும். அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதிச் செய்திகளை நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாதாமாதம் சந்தா கட்டும் ஒருவன்