மாற்றியமைத்த காரை விற்றவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு நேரங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கடலூர் சாலையிலும் வெடிச்சத்தம் போட்டுக்கொண்டு பறக்கும் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் இதே பகுதியில் வாசகர்கள் அவ்வப்போது எழுதிவருகிறார்கள். அவர்களுடைய கோபம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இளைஞர் மீதும், அவரைத் தடுத்து நிறுத்தாத போலீசார் மீதும் பாய்கிறது. அது நியாயம்தான். ஆனால் அந்தக் கார்களில் பல, அந்த இளைஞர்களிடம் இரண்டாவது அல்லது மூன்றாவது கையாக வந்து சேர்ந்தவை. சைலன்சரை அறுத்ததும் என்ஜினைக் கிண்டியதும் அவர்களுக்கு முன்னால் வைத்திருந்த வேறு ஒருவராக இருக்கலாம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்ட அந்த ஒருவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அப்படி இரண்டு கார்களை மாற்றியமைத்து விற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலாவது, 2001ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி வீடெக். 1.5 லிட்டர் என்ஜினில் 106 குதிரைத்திறன் தந்த அந்த வண்டி, அன்றைய இளைஞர்களுக்குப் பெரிய மோகம். வண்டி தரையை ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக நான்கு ஸ்பிரிங்குகளிலும் இரண்டிரண்டு சுற்றை அறுத்தெடுக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் அரைமணி நேரத்தில் அறுத்துக் கொடுத்தார். 2012இல் அதை ஒரு புரோக்கர் மூலம் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றேன். விற்பனையைத் தெரிவிக்கும் 29ஆம் படிவத்திலும் பெயர் மாற்றத்துக்கான 30ஆம் படிவத்திலும் தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஸ்பிரிங்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு ஒரு சம்மன் வந்தது. ரெட்டிச்சாவடி அருகே முன்னால் போன ஆட்டோவின் மீது அந்தக் கார் மோதி, ஆட்டோவில் இருந்த ஒரு பெரியவருக்குக் கால் முறிந்திருந்தது. காருக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் அப்போதும் என் பெயரே இருந்தது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி என் பங்குக்கு ஒரு தொகையைக் கட்டினேன். அறுத்த ஸ்பிரிங்கால்தான் வண்டி நிற்காமல் போயிற்றா என்பதை எவரும் ஆராயவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் மட்டும் இருக்கிறது.

பெயர் மாற்றம் ஏன் நடக்கவில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 22 கிலோமீட்டர். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள்ளும் வேறு மாநிலம் என்றால் 45 நாட்களுக்குள்ளும் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. மாநிலம் மாறும் வண்டிக்கு 28ஆம் படிவத்தில் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, 12 மாதத்துக்கு மேல் அங்கேயே ஓடும் வண்டிக்கு அந்த மாநிலத்துப் பதிவெண்ணும் பெற வேண்டும். அந்த வரிக்குத் தயங்கித்தான் புதுச்சேரியின் பி.ஒய். 01 பதிவெண் பலகையோடு பல கார்கள் கடலூரிலும் நெய்வேலியிலும் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவரைச் சேரும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் செய்தியில் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நான் ஏற்கெனவே கட்டணம் செலுத்திக் கற்ற பாடம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் திருந்திவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சம்மனுக்கு முன்பே, 2014இல் புதிதாக ஒரு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வாங்கியிருந்தேன். 1197 சி.சி. டர்போ என்ஜின், கம்பெனியிலிருந்து வரும்போது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சம்மனுக்குப் பிறகும் அதை விட்டுவைக்கவில்லை: கோவையில் ஒரு பட்டறையில் முதலில் என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றும் ரீமேப் மட்டும் செய்தேன். பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டௌன்பைப் எனும் புகைக்குழாய், என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், வண்டியின் உயரத்தைக் குறைக்க உதவும் காயில்ஓவர் ஸ்பிரிங்குகள், இலேசான அலாய் சக்கரங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பட்டறைக்காரர்கள் மொழியில் சொன்னால், வண்டி ‘ஸ்டேஜ் டூ’, அதாவது மென்பொருளோடு பாகங்களும் மாறிய இரண்டாம் கட்டம், ஆனது. அந்தக் காரின் டி.எஸ்.ஜி. எனும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி, எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது, 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. நானோ அந்த வரம்பின் விளிம்பிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். மரக்காணம் வரை போய்த் திரும்பும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கிளட்சின் ஆயுளில் கொஞ்சம் கரைந்தது. வாங்குபவர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது முதுகை இருக்கையில் அழுத்தும் அந்த இழுப்பு மட்டும்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது ஸ்டியரிங். சிறிய பந்தய ஸ்டியரிங் ஒன்றை மாட்டுவதற்காக அசல் ஸ்டியரிங்கை ஏர்பேக்கோடு கழற்றினார்கள். ஏர்பேக் இல்லையென்றால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரியும். அது எரியாமலிருக்க அந்த மின்இணைப்பில் விரல் நுனி அளவு ஒரு மின்தடையைச் செருகினார்கள். அதன்பின் சாவியைத் திருகினால் விளக்கு ஒரு கணம் எரிந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோல் அணைந்துவிடும். ஓட்டுபவருக்கு முன்னால் ஏர்பேக் இல்லாத ஒரு கார், இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சில ரூபாய் பெறாத ஒரு சின்னப் பொருள் அதற்குப் போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு அந்தக் காரை விற்க முடிவு செய்தபோது வந்த புரோக்கர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாத்தினத எல்லாம் நாமளா சொல்லக் கூடாது சார், சொன்னா வெல எறங்கிடும். ஓட்டிப் பாத்தான்னா தானா ஏறும்” என்றார். அவர் சொன்னது தொழில் தர்மத்தில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் சட்டத்தின் நிலை வேறு. உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஒலி மாசுக்கும் காற்று மாசுக்கும் 190ஆவது பிரிவு தனி. இதையெல்லாம் விட வாங்குபவரை நேராகத் தாக்குவது இன்சூரன்ஸ்: தெரிவிக்கப்படாத மாற்றம் இருந்தால் கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே காரணமாகிவிடும்.

புரோக்கரை அனுப்பிவிட்டு வண்டியை ஸ்டாக் நிலைக்கு, அதாவது கம்பெனி தந்த அசல் நிலைக்குக் கொண்டுவந்தேன். பழைய பாகங்களைச் சாக்கில் சுற்றி மாடியறையில் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்தபோது உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. என்ஜின் கணினியான ஈ.சி.யு.வில் கம்பெனி மென்பொருள் ஃபைல், அசல் ஸ்பிரிங், அசல் ஸ்டியரிங், ஏர்பேக் எல்லாம் திரும்ப வந்தன. தேய்ந்த கிளட்ச் பேக்கை மாற்றியது தனிச் செலவு. புகைச் சான்றில் கார்பன் மோனாக்சைடு இத்தகைய கார்களுக்கான 0.3 சதவீத வரம்புக்குள் வந்தது. மாற்றங்களுக்காக நான் கொட்டிய பணம் விலையில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. திரும்பும் என்று நினைத்தது என் தவறு. என் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்கு அடுத்தவர் எதற்குக் கூலி தர வேண்டும்?

வாங்க வந்தது பண்ருட்டியைச் சேர்ந்த ஒரு முந்திரி வியாபாரியும் கல்லூரி முடித்த அவருடைய மகனும். என்னென்ன மாற்றியிருந்தேன், எவற்றை எப்போது திரும்ப மாட்டினேன், கிளட்ச் எந்தக் கிலோமீட்டரில் மாறியது என்பதை ஒரு முழுத்தாளில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தந்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். “ஸ்டியரிங்க எதுக்குத் தம்பி மாத்தினீங்க, பழசு கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். அழகுக்காக என்றேன். “இவனும் அழகுக்குத்தான் கேக்குறான்” என்று மகனைக் காட்டினார். அவர் வெளியே போய் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மகன் என்னிடம் மெதுவாக, “அண்ணா, அந்த ஸ்டேஜ் டூ ஃபைல் இருந்தா குடுங்கண்ணா” என்றான். இல்லை என்று சொல்லிவிட்டேன். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை வண்டி என் வீட்டிலேயே நின்றது. முன்பணத்துக்கு ரசீது மட்டும் கொடுத்தேன், சாவியைக் கொடுக்கவில்லை. அந்தப் பெரியவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

அதிகாரிகளின் கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்புவது இதுதான். 29ஆம் படிவத்தில் பதிவெண் உண்டு, என்ஜின் எண் உண்டு, சேஸிஸ் எண் உண்டு. வண்டியில் என்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று எழுத ஒரு வரி இல்லை. படிவம் மத்திய விதிகளைச் சேர்ந்தது, அதைத் திருத்த தில்லி வரை போக வேண்டும் என்பது தெரியும். ஆனால் புதுச்சேரியும் கடலூரும் போல ஒட்டிக் கிடக்கும் ஊர்களுக்கிடையே வண்டி கைமாறும்போது, என்.ஓ.சி.க்கு முன் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஆய்வாளர் ஒருவர் கீழே குனிந்து பார்க்கவும், விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கோப்பில் சேர்க்கவும் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் விற்பனையாளர்களுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயமாகியிருக்கிறது. வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. அதே கட்டத்தில் இந்தச் சோதனையையும் சேர்க்கலாம். ஒரு சிக்கல் உண்டு: மாற்றத்தை எழுதிக் கொடுப்பவர் மாற்றத்துக்கு 5,000 வீதம் தனக்குத் தானே அபராதச் சீட்டு எழுதிக்கொள்கிறார். ஆகவே, தானாக முன்வந்து அசல் நிலைக்குத் திருப்பிக் காட்டுபவருக்கு, குறிப்பிட்ட கால அளவுக்குள் அபராதமில்லை என்று அறிவித்தால்தான் இது நடக்கும். மாற்றத்தோடேயே வைத்திருக்க விரும்புபவர், கோவையிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள பந்தயத் தடத்துக்கென்று விற்று, லாரியில் ஏற்றி அனுப்பட்டும். நம் கடலூர் சாலையில் வேண்டாம்.

கழற்றிய பாகங்களில் சக்கரங்களையும் இன்டர்கூலரையும் விற்றுவிட்டேன். டௌன்பைப்பை நல்ல விலைக்குக் கேட்டு இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். அது அடுத்து எந்தக் காரின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததால், அதை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.