எல்சாட் கோச்சிங் ஆசிரியர்களே, 'மட்டுமே' என்று பார்த்ததும் அடிக்கச் சொல்லாதீர்கள்

வணக்கம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு எல்சாட் நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும் உங்களிடம் ஒன்று கேட்கணும். 'எப்போதும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' போன்ற அழுத்தமான சொல் வரும் ஆப்ஷனைக் கண்ணை மூடிக்கொண்டு தப்பு என்று அடித்துவிடு என்கிறீர்களே, எதை நம்பி? 2024 ஆகஸ்ட்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. இப்போது மார்க் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங் (சின்ன வாதங்களை அலசுவது), ஒன்று ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (நீளமான பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது), ஆக மொத்தமும் வாசிப்புதான். இந்த நேரத்தில் போய் வாசிக்காமல் தப்பிக்க வழி சொல்கிறீர்கள்.

ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் பாணியில் நானே எழுதிய ஒரு சின்னப் பத்தி: "ரயில் வந்ததால்தான் ஊர்ச்சந்தைகள் அழிந்தன என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். ஆனால் அவர்கள் காட்டும் ஆவணங்கள் எல்லாம் ஒரே மாவட்டத்துடையவை." கட்டுரையாளர் எதை ஒப்புக்கொள்வார் என்பது கேள்வி. 'ரயில் சந்தைகளை அழித்தது' என்ற ஆப்ஷன் பத்தியில் அப்படியே இருக்கிறது, ஆனால் அது அந்த வரலாற்றாசிரியர்களின் பேச்சு. 'ரயிலால் சந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு இருந்திருக்காது' என்பது சாதுவாகத் தெரியும், அதுவும் தப்பு, ஏனென்றால் ஆதாரம் போதாது என்பவர் அதற்கு எதிரானது உண்மை என்று சொல்லிவிடவில்லை. 'அவர்கள் காட்டியதில் ஒன்றுகூட வேறு மாவட்டத்து ஆவணம் இல்லை', இதுதான் விடை. உங்கள் விதிப்படி முதலில் அடிபடுவதும் இதுதான்!

அப்புறம், கட்டுரையாளரின் வாதத்தை எது அதிகம் பலவீனப்படுத்தும் என்ற கேள்வியும் இதே பகுதியில் வரும். அங்கே ஆப்ஷன் அழுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் பலம்.

இன்னொரு வகைத் தப்பான ஆப்ஷன், முக்கால்வாசி சரியாக இருந்து கடைசி இரண்டு சொல்லில் கவிழ்வது. 35 நிமிடத்தில் நாலு செட், ஏறக்குறைய 27 கேள்வி என்று ஓடுகிற பிள்ளை பாதியிலேயே டிக் அடித்துவிடுகிறது, பாவம்.

அதனால் அடித்த ஒவ்வொரு ஆப்ஷனிலும் எந்தச் சொல்லுக்குப் பத்தியில் ஆதரவில்லை என்று வட்டம் போட வையுங்கள். வட்டம் போட முடியாவிட்டால் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசியில் இரண்டு மிஞ்சினால் எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காமல் எதில் ஓட்டை என்று தேடட்டும், அப்படியும் பிடிபடாவிட்டால் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு நகரட்டும், இதில் நெகட்டிவ் மார்க் கிடையாதே. ஆரம்பத்தில் ரொம்ப மெதுவாகத்தான் போகும். அந்த வாரங்களில் தயவுசெய்து டைமர் வைக்காதீர்கள்.